கேத்தாச்சௌ ஹைலே: எத்தியோப்பியாவின் தோற்சுவடிகளைப் படித்துச் சொன்னவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவின் இடைக்கால வரலாறு பற்றி எந்த நல்ல புத்தகத்தை எடுத்தாலும் அடிக்குறிப்பில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: கேத்தாச்சௌ ஹைலே. அவரைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் அநேகமாக இதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

யார் இவர்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1931 ஏப்ரல் 19ஆம் தேதி எத்தியோப்பியாவின் ஷேவா பகுதியில் ஷென்கோரா என்ற ஊரில் பிறந்தவர். கீஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழியில் அவர் காலத்தில் அவரை மிஞ்சிய அறிஞர் இல்லை என்று அந்தத் துறைக்காரர்களே சொல்வார்கள். 44 வயதில் துப்பாக்கிக் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, நாட்டை விட்டும் போக வேண்டியதாயிற்று. அதன் பிறகான 45 ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆயிரக்கணக்கான எத்தியோப்பியச் சுவடிகளைப் படித்து அவற்றில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்.

ஹைலே என்பது குடும்பப் பெயரா? எப்படிக் குறிப்பிட வேண்டும்?

குடும்பப் பெயர் இல்லை, அது அவருடைய அப்பா பெயர். எத்தியோப்பியர்களுக்குத் தன் பெயர், அதற்குப் பின்னால் தந்தை பெயர், அவ்வளவுதான். ஆகவே அவரை 'ஹைலே' என்று சுருக்கினால் அவருடைய அப்பாவைக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். எத்தியோப்பிய எழுத்தாளர்களை முதல் பெயரால் குறிப்பிடுவதுதான் முறை, நூலக அட்டவணைகளிலும் அப்படித்தான் வரிசைப்படுத்துவார்கள். கேத்தாச்சௌ என்றால் எத்தியோப்பியாவில் இன்று பரவலாகப் பேசப்படும் அம்ஹாரிக் மொழியில் 'அவர்களுடைய தலைவர்' என்று பொருள்.

இவர் வரலாற்றாளரா, மொழியறிஞரா?

கலைக்களஞ்சியங்களில் மொழியறிஞர் என்றுதான் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் வரலாற்றாளர் என்று தயங்காமல் சொல்வேன். 15ஆம் நூற்றாண்டில் அரசனை எதிர்த்த துறவிகள் என்ன சொன்னார்கள், எந்த மடத்துக்கு யார் நிலம் கொடுத்தார்கள், எந்த ஆண்டு எந்த பிஷப் இருந்தார் என்றெல்லாம் எழுத வேண்டுமானால் முதலில் யாராவது சுவடியைத் திறந்து, எழுத்தைப் புரிந்து, பிழையைப் பிரித்து, காலத்தைக் கணித்துச் சொல்ல வேண்டும். கேத்தாச்சௌ அதைச் செய்தார். அதோடு நிறுத்தாமல், அந்தச் சுவடிகளை வைத்துத் தாமே வரலாற்றையும் எழுதினார். அவர் படித்துச் சொன்ன பிறகு பழைய வரலாற்றின் சில பக்கங்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. அதைக் கீழே எஸ்திஃபானோஸ் துறவிகள் பற்றிய பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

கீஸ் மொழி இப்போதும் பேசப்படுகிறதா?

வீட்டில் பேசும் மொழியாக அது நின்று போய் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் எத்தியோப்பிய, எரித்ரிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் வழிபாடு இன்றும் கீஸில்தான் நடக்கிறது. எத்தியோப்பியாவின் வடக்கில் இருந்த பழைய அக்சும் அரசின் மொழி அது. 19ஆம் நூற்றாண்டு வரை எத்தியோப்பியாவில் எழுத்து என்றாலே பெரும்பாலும் கீஸ்தான், அரசர்களின் வரலாறு, துறவிகளின் வாழ்க்கை, சட்டம், பஞ்சாங்கக் கணக்கு எல்லாமே அதில் இருக்கிறது.

எழுத்துமுறை நமக்குப் புரிய எளிது. 26 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் உயிரொலியைப் பொறுத்து ஏழு வடிவம், ஆக 182. இடமிருந்து வலமாக எழுதுவார்கள். பழைய சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளிக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைப்பார்கள்.

ஏனோக்கின் நூல் என்று ஒரு பழைய யூத நூல் உண்டு. அதன் முழு வடிவம் உலகில் கீஸ் மொழியில் மட்டுமே பிழைத்திருக்கிறது. ஜேம்ஸ் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு போகும் வரை அங்கே அது தொலைந்த நூல்தான். அப்புறம் நமக்கு நெருக்கமான ஒன்று: புத்தரின் வாழ்க்கைக் கதை மொழி மாறி மாறி மேற்கே பயணம் செய்து, கிறிஸ்தவத் துறவி ஒருவரின் கதையாக உருமாறி, 1553இல் அரபியிலிருந்து கீஸுக்கு வந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு மடத்துத் தலைவர், பெயர் எம்பாகோம்.

எங்கே படித்தார்?

அந்தக் காலத்துக் கிராமப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்றால் தேவாலயப் பள்ளிதான். அந்தப் படிப்பு சும்மா எழுத்துக் கூட்டுவதோடு முடியாது. முதலில் வாசிப்பு வீடு, பிறகு இசை வீடு, பிறகு 'கினே' என்ற கவிதை வீடு, கடைசியில் நூல்களுக்கு உரை சொல்லும் வீடு என்று படிப்படியாகப் போகும், எல்லாவற்றையும் முடிக்க இருபது முப்பது ஆண்டுகூட ஆகலாம். கினேயில் 'மெழுகும் பொன்னும்' என்று ஒரு உத்தி உண்டு: மேலே தெரியும் பொருள் மெழுகு, உள்ளே மறைந்திருக்கும் பொருள் பொன். பொற்கொல்லர் மெழுகில் உருவம் செய்து மேலே களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் பொன்னை ஊற்றுகிறாரே, அதிலிருந்து வந்த பெயர்.

இந்த மரபு அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும். அடிஸ் அபாபாவில் படிப்பு முடித்து எகிப்து போனார். கெய்ரோவில் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் காப்டிக் இறையியல் கல்லூரியிலும் அங்கிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் படித்து 1957இல் இரண்டு பட்டங்கள் பெற்றார். எத்தியோப்பிய தேவாலயத்துக்குப் பல நூற்றாண்டுகள் எகிப்திலிருந்துதான் பிஷப்புகளை அனுப்பி வந்தார்கள், கீஸ் நூல்களில் பெரும்பகுதி அரபியிலிருந்து பெயர்க்கப்பட்டவை, ஆகவே கெய்ரோவில் கழித்த அந்த ஆண்டுகள் பிற்பாடு அவருக்குக் கைகொடுத்தன. அங்கிருந்து ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகம். 1962இல் செமிட்டிக் (அரபி, எபிரேயம், கீஸ் போன்ற மொழிகளின் குடும்பம்) மொழியியலில் முனைவர் பட்டம்.

ஷென்கோராவின் மரபுப் படிப்பும் டூபிங்கனின் ஆய்வு முறையும் ஒரே ஆளிடம் சேர்ந்தது பெரிய விஷயம். ஐரோப்பிய அறிஞர்களுக்கு இலக்கணம் தெரியும், ஆனால் ஒரு வரி எந்த வழிபாட்டுப் பாட்டிலிருந்து வருகிறது என்று காதில் கேட்காது. இவருக்குக் கேட்கும்.

1975இல் என்ன நடந்தது?

1962க்குப் பிறகு அவர் நாடு திரும்பி ஹைலே செலாசி பல்கலைக்கழகத்தில் (இப்போதைய அடிஸ் அபாபா பல்கலைக்கழகம்) பாடம் நடத்தினார். 1974 செப்டம்பர் 12ஆம் தேதி பேரரசர் ஹைலே செலாசியை ராணுவம் பதவியிலிருந்து இறக்கியது. ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழுவுக்கு 'தெர்க்' என்று பெயர். அம்ஹாரிக்கில் குழு என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த நவம்பரிலேயே முந்தைய ஆட்சியின் அமைச்சர்கள், தளபதிகள் என்று அறுபது பேர் வரை விசாரணை இல்லாமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கேத்தாச்சௌ அந்த 1974-75 காலத்தில் சொந்தப் பகுதியான ஷேவாவின் பிரதிநிதியாக அவையில் இருந்தார். மனதில் பட்டதைச் சொல்கிறவர். 1975 அக்டோபரில் அவரைப் பிடித்துப் போக ராணுவத்தினர் வீட்டுக்கே வந்தார்கள். அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் குண்டு அவருடைய முதுகுத்தண்டைத் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. சிகிச்சைக்கு வெளிநாடு போய், 1976இல் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறினார்.

44 வயது, சின்னப் பிள்ளைகள், நாடு இல்லை, கால் இல்லை. இந்த இடத்தில் ஒருவர் உடைந்து போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பெரிய படைப்புகள் எல்லாமே இதற்குப் பிறகு வந்தவை.

ஏன் மினசோட்டா? எத்தியோப்பியச் சுவடிகளுக்கும் அந்தப் பனிப் பிரதேசத்துக்கும் என்ன தொடர்பு?

அங்கே காலேஜ்வில் என்ற சிற்றூரில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்றும், அவர்கள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் நூலகங்கள் எரிந்ததைப் பார்த்தவர்கள், அடுத்த போர் வந்தால் மிச்சமும் போய்விடும் என்று பயந்து, 1965இல் ஆஸ்திரிய மடங்களின் கையெழுத்துச் சுவடிகளை மைக்ரோஃபிலிமில் படம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நூலகம்தான் இன்று ஹில் அருங்காட்சியகம் மற்றும் கையெழுத்துச் சுவடி நூலகம் என்ற பெயரில் இயங்குகிறது.

1970களின் தொடக்கத்தில் எத்தியோப்பிய தேவாலயமும் தன் சுவடிகளைப் படம் எடுத்து வைக்க விரும்பியது. அப்போது தலைமைப் பீடத்தில் இருந்தவர் பாத்ரியார்க்கர் தெயோஃபிலோஸ். 1973இல் அடிஸ் அபாபாவில் படம் எடுக்கும் வேலை தொடங்கியது. அடுத்த வருடமே புரட்சி. 1976இல் தெயோஃபிலோஸை ராணுவ ஆட்சி பதவி நீக்கிச் சிறையில் அடைத்தது, 1979இல் கொன்றது. இத்தனைக்கும் நடுவில் வேலை நிற்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மடங்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் சுவடிகள் வந்தன, பக்கம் பக்கமாகப் படம் எடுக்கப்பட்டன, திரும்பிப் போயின. 1994 வரை நடந்த அந்தப் பணியில் 9,000க்கும் மேற்பட்ட சுவடிகள் பதிவாயின. பெரும்பாலும் ஷேவா, வல்லோ பகுதிகளைச் சேர்ந்தவை, ஏனென்றால் போர் நடந்துகொண்டிருந்த வடக்குப் பக்கம் போக முடியவில்லை.

ஃபிலிம் சுருள்கள் மினசோட்டாவுக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 1976இல் கேத்தாச்சௌ அங்கே போய்ச் சேர்ந்தார்.

அப்படியானால் இதுவும் வெளிநாட்டுக்காரர்கள் சுவடிகளை அள்ளிக்கொண்டு போன கதைதானே?

இல்லை. இந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஏனென்றால் அள்ளிக்கொண்டு போனதும் நடந்திருக்கிறது. 1868இல் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டையைத் தாக்கியது, பேரரசர் தெவொத்ரோஸ் தற்கொலை செய்துகொண்டார், கோட்டையில் அவர் சேர்த்து வைத்திருந்த பொக்கிஷத்தைப் படையினர் சூறையாடினார்கள். அதிலிருந்து ஏறக்குறைய 350 சுவடிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்றும் லண்டனில்தான் இருக்கின்றன.

இங்கே மினசோட்டாவுக்குப் போனது படம் மட்டும். சுவடி தன் மடத்திலேயே இருந்தது. படத்தின் ஒரு பிரதி எத்தியோப்பியாவிலும் வைக்கப்பட்டது.

அட்டவணை தயாரிப்பது அவ்வளவு பெரிய வேலையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் வாழ்க்கையின் பாதி இதில்தான் போயிற்று.

ஒரு எத்தியோப்பியச் சுவடியை மனதில் கொண்டு வாருங்கள். ஆட்டுத்தோலை ஊற வைத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டி, காய வைத்து, வெட்டி, மடித்து, ஊசியால் குத்திக் கோடு கிழித்து, அதில் நாணல் பேனாவால் எழுதியது. கரியிலிருந்து செய்த கறுப்பு மை. தேவன் பெயரும் மரியாள் பெயரும் வரும் இடத்தில் சிவப்பு மை. இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்துத் தைத்து, தோள்பட்டையில் தொங்கவிடத் தோல் உறை. பெரிய நூலாக இருந்தால் நூறு ஆடுகள்கூடத் தேவைப்படும்.

இப்போது அதன் முதல் தாளும் கடைசித் தாளும் காணவில்லை என்று வையுங்கள். ஆசிரியர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, ஒரே கட்டுக்குள் நாலைந்து வெவ்வேறு நூல்கள், நடுவில் வேறொருவர் கையெழுத்து. இதைத்தான் இருட்டறையில் மைக்ரோஃபிலிம் கருவியின் திரையில், கறுப்பு வெள்ளையில், சுருளை உருட்டி உருட்டிப் படிக்க வேண்டும். தோலைத் தொட்டுப் பார்க்கவோ மையின் நிறத்தைப் பார்க்கவோ வழியில்லை.

முதலில் எழுத்தின் வடிவத்தை வைத்து நூற்றாண்டைக் கணிப்பார்கள், பழைய கை கோணல் கோணலாகக் கட்டையாக இருக்கும், பிற்காலத்துக் கை மெலிந்து உருண்டு வரும். பிறகு யாருக்காக எழுதப்பட்டது என்ற வரியில் ஓர் அரசர் பெயரோ பிஷப் பெயரோ கிடைக்குமா என்று தேடுவார்கள். பெயர் கிடைத்தாலும் வில்லங்கம் உண்டு. சொந்தக்காரர் மாறும்போது பழைய பெயரைச் சுரண்டிவிட்டு மேலேயே தன் பெயரை எழுதிக்கொள்வது அங்கே சர்வ சாதாரணம். ஆண்டு கொடுத்திருந்தாலும் அது எந்தக் கணக்கு என்று பார்க்க வேண்டும், உலகம் படைக்கப்பட்டதிலிருந்தா, தியாகிகளின் காலத்திலிருந்தா, அவர்களுடைய 'கருணையின் ஆண்டா' என்று. எத்தியோப்பிய ஆண்டு நம் காலண்டரைவிட ஏழு எட்டு வருடம் பின்தங்கியது, அதில் பதின்மூன்று மாதங்கள்.

எழுத்துப் பிழைகள் வேறு. கீஸில் ஒரு காலத்தில் வெவ்வேறாக ஒலித்த மூன்று 'ஹ' எழுத்துகள் பிற்காலத்தில் ஒரே ஒலியாகிவிட்டன, எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எதையாவது போட்டுவிடுவார். அது பிழையா வேறு சொல்லா என்று முடிவு செய்ய மொழி ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓரக் குறிப்புகள். மடங்களில் சுவிசேஷ நூல்தான் பத்திரக் கிடங்கு. அரசன் நிலம் கொடுத்தால் அதைத் தனித்தாளில் எழுதினால் தொலையும், திருத்திவிடலாம். அதனால் மடத்தின் மிகப் புனிதமான சுவிசேஷப் பிரதியின் காலிப் பக்கங்களில் எழுதிவிடுவார்கள்: இன்ன அரசன், இன்ன நிலத்தை, இன்னார் சாட்சியாகக் கொடுத்தான், இதை மீறுகிறவன் தந்தை, மகன், பரிசுத்த ஆவியின் வாயால் சபிக்கப்படட்டும். 'பொன் சுவிசேஷம்' என்றே அப்படிப்பட்ட நூல்களுக்குப் பெயர். அட்டவணையில் 'மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்தச் சாசனங்கள் எல்லாம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஹைக் ஏரி மடத்தின் தலைவராக இருந்த இயசுஸ் மோவா 1280-81இல் மடத்துக்குக் கொடுத்த சுவிசேஷப் பிரதி இந்தத் தொகுப்பில் 1832ஆம் எண். காலம் உறுதியாகத் தெரிந்த எத்தியோப்பியச் சுவடிகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

தொடக்கத் தொகுதிகளை வில்லியம் மெக்கோம்பர் தயாரித்தார். 1979இல் வந்த நான்காம் தொகுதியிலிருந்து கேத்தாச்சௌவின் பெயர் வருகிறது, சில தொகுதிகள் தனியாக, சில மெக்கோம்பரோடு சேர்ந்து. 1993இல் பத்தாம் தொகுதி வந்தபோது 5,000 சுவடிகளுக்கு விவரம் எழுதி முடித்திருந்தார்கள்.

அவர் கண்டு சொன்னவற்றில் மிக முக்கியமானது எது?

பலரும் பலதைச் சொல்வார்கள். நான் எஸ்திஃபானோஸ் துறவிகளைச் சொல்வேன்.

15ஆம் நூற்றாண்டில், 1434 முதல் 1468 வரை, எத்தியோப்பியாவை ஆண்டவர் ஸரா யாகோப். பாடநூல்களில் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு: நாட்டை ஒன்றாக்கியவர், தேவாலயத்தைச் சீர்படுத்தியவர், தாமே இறையியல் நூல்கள் எழுதிய அறிஞர். மரியாளின் மேல் அளவில்லாத பக்தி. ஆண்டுக்கு 33 மரியாள் திருநாள்களைக் கட்டாயமாக்கினார். குடிமக்கள் நெற்றியிலும் கைகளிலும் 'சாத்தானை மறுதலிக்கிறேன், நான் மரியாளின் அடிமை' என்பது போன்ற வாசகங்களை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார் என்று அவருடைய அரசவை வரலாறே சொல்கிறது. சிலை வணக்கக் குற்றம் சாட்டிப் பெற்ற பிள்ளைகளையே தண்டித்துச் சாகவைத்தவர் என்றும் அதே நூலில் இருக்கிறது.

இவருக்கு எதிரே நின்றவர் திக்ராய் பகுதியைச் சேர்ந்த எஸ்திஃபானோஸ் என்ற துறவி. அவர் சொன்னது எளிமையானது: திரித்துவத்தைத் தவிர வேறு எதற்கும் தரையில் விழுந்து வணங்க மாட்டோம், மரியாளின் படத்துக்கும் மாட்டோம், அரசனுக்கும் மாட்டோம். அவருடைய சீடர்கள் அரசன் கொடுக்கும் நிலத்தை வாங்கவில்லை, தம் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள், காட்டு மலைகளில் மடம் அமைத்தார்கள். எஸ்திஃபானோஸ் அடிபட்டுச் சிறையில் இறந்தார். சீடர்களுக்கு நடந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கும். மூக்கையும் நாக்கையும் அறுத்தார்கள், கல்லெறிந்து கொன்றார்கள்.

அரசவையின் கணக்கில் இவர்கள் மத துரோகிகள், அவ்வளவுதான். ஆனால் துறவிகளும் எழுதி வைத்திருந்தார்கள். கீஸில் புனிதர் வரலாற்றுக்கு 'கெட்ல்' என்று பெயர், போராட்டம் என்று அர்த்தம், இவர்கள் விஷயத்தில் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது. கேத்தாச்சௌ அந்த நூல்களைப் படித்து, பதிப்பித்து, 2004இல் அம்ஹாரிக்கில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 2006இலும் 2011இலும் ஆங்கில மொழிபெயர்ப்புகளோடு கீஸ் மூலங்களும் வந்தன. அம்ஹாரிக் நூல் எத்தியோப்பிய வாசகர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சிறுவயதிலிருந்து பேரரசர் ஸரா யாகோபின் பெருமையை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அதே பேரரசரின் ஆட்கள் நாக்கை அறுத்த துறவியின் கதையை, அந்தத் துறவியின் சகோதரர்கள் எழுதிய வார்த்தைகளிலேயே படிக்கக் கிடைத்தால் எப்படி இருக்கும்?

இதில் நான் அவரை மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸரா யாகோப் மரியாளைப் பற்றி எழுதிய நூல்களையும் 1992இல் இவர்தான் பதிப்பித்தார். அரசன் சொன்னதையும் அச்சில் கொண்டு வந்தார், அரசனிடம் அடிபட்டவர்கள் சொன்னதையும் கொண்டு வந்தார். கேத்தாச்சௌவே ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் ஆழமான பிடிப்பு உள்ளவர். தன் தேவாலயத்தின் வரலாற்றில் இருந்த இந்தக் காயத்தை மூடி வைக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. ஓர் அரசின் ஆட்கள் தன் வீட்டுக் கதவைத் தட்டிய அனுபவமும் அவருக்கு இருந்தது.

அவரைப் பற்றி விமர்சனமே கிடையாதா?

உண்டு. நாட்டின் ஒற்றுமை பற்றி வலுவான கருத்துகள் கொண்டவர். தெர்க் ஆட்சி விழுந்த 1991க்குப் பிறகு இனவாரியாக மாநிலங்களைப் பிரித்த அமைப்பை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். இதை ஏற்காதவர்கள் ஏராளம், குறிப்பாக அம்ஹாரா இனத்தைச் சேராத அறிவாளிகள் மத்தியில்.

ஆய்விலும் சர்ச்சைக்குரிய இடம் ஒன்று உண்டு. 1593 வாக்கில் பஹ்ரே என்ற துறவி, தன் ஊரிலிருந்து துரத்தப்பட்டவர், எத்தியோப்பியாவின் பெரிய இனங்களில் ஒன்றான ஒரோமோ மக்களின் பரவலைப் பற்றிச் சிறிய நூல் ஒன்று எழுதினார். அவர்களுடைய வயதுக் குழு அமைப்பு, தலைமுறை, எந்தக் குழு எந்தப் பக்கம் போனது என்று வியக்கத்தக்க துல்லியத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் அது தோற்றுப்போனவரின் கோபத்தோடு எழுதப்பட்டது, ஒரோமோ மக்களை இன்று இழிசொல்லாகக் கருதப்படும் பெயரால் குறிப்பிடுகிறது. பஹ்ரேயின் எழுத்துகளை அம்ஹாரிக் மொழிபெயர்ப்போடு 2002இல் கேத்தாச்சௌ வெளியிட்டார். ஒரோமோ வரலாற்றாளர்கள் அந்த மூலத்தையே கேள்வியோடுதான் அணுகுகிறார்கள், அணுகத்தான் வேண்டும். பதிப்பாசிரியராக அவர் செய்த வேலை வேறு, அரசியல் கருத்து வேறு என்று பிரித்துப் பார்த்துத்தான் நான் படிக்கிறேன். எல்லாரும் அப்படிப் பிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

என்னென்ன அங்கீகாரம் கிடைத்தது?

1987இல் பிரிட்டிஷ் அகாடமியின் வெளிநாட்டு உறுப்பினர். 1988இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் விருது. பிற்பாடு பிரிட்டிஷ் அகாடமி வழங்கும் எட்வர்ட் உலென்டார்ஃப் பதக்கம், எத்தியோப்பிய ஆய்வுகளுக்கென்றே உள்ளது.

அவருடைய சுயசரிதை இருக்கிறதா?

இருக்கிறது, அம்ஹாரிக்கில். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம்' என்பது போல வரும். அம்ஹாரிக் தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சிறு பெண்ணாக நாட்டை விட்டுப் போன அவருடைய மகள் ரெபேக்கா ஹைலே, சுமார் 25 ஆண்டு கழித்து எத்தியோப்பியாவுக்குத் திரும்பிப் போய்வந்து, 2007இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அப்பாவைச் சுட்ட நாளும், அதற்குப் பிறகு குடும்பம் பட்ட பாடும் அதில் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளில் தெரியாத கேத்தாச்சௌவை அதில் பார்க்கலாம்.

எத்தியோப்பிய வரலாற்றாளர்களில் வேறு யாரைப் படிக்கலாம்?

தத்தெஸ்ஸெ தம்ராத், கட்டாயம். 1972இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய நூல் 1270 முதல் 1527 வரை தேவாலயமும் அரசும் எப்படி ஒன்றையொன்று வளர்த்தன என்று சொல்கிறது, மேலே சொன்ன ஸரா யாகோபின் காலமும் அதற்குள் அடக்கம். 1270க்கு முந்தைய காலத்துக்கு செர்கௌ ஹப்லே செலாசி. 1855க்குப் பிந்தைய நவீன காலத்துக்கு பஹ்ரு ஸெவ்தே, தெளிவாக எழுதுவார், புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். அப்புறம் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட், பிறப்பால் ஆங்கிலேயர், ஆனால் 1956 முதல் அந்த நாட்டுக்காக உழைத்தவர். 1963இல் எத்தியோப்பிய ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர். இத்தாலி கொண்டுபோன அக்சும் தூண் 2005இல் திரும்பி வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தச் சுவடிகளை நாமும் பார்க்க முடியுமா?

முடியும். மைக்ரோஃபிலிம்களை எண்மப்படுத்தி, அந்த நூலகத்தின் இணைய வாசிப்பறையில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்துகொண்டால் போதும், கட்டணம் இல்லை. படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு முறை திறந்து பாருங்கள். மெழுகுவர்த்தி ஒழுகிய கறை, ஓரத்தில் யாரோ பேனா சரியாக எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்த இடம், தோலில் இருந்த ஓட்டையைச் சுற்றி எழுத்து வளைந்து போகும் வரி எல்லாம் தெரியும்.

எப்போது இறந்தார்? கடைசி வரை எழுதினாரா?

எழுதினார். எத்தியோப்பிய தேவாலய மரபில் திருச்சிலுவை பற்றிய அவருடைய நூல் 2018இல் வந்தபோது அவருக்கு வயது 87. 2021 ஜூன் 10ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். அப்போது திக்ராயில் போர் நடந்துகொண்டிருந்தது, மடங்களும் தேவாலயங்களும் தாக்கப்படும் செய்திகள் வந்தபடி இருந்தன. எஸ்திஃபானோஸின் சீடர்கள் அமைத்த குந்தா குந்தே மடம் அதே திக்ராயின் கிழக்குப் பக்கத்து மலைகளில் இருக்கிறது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட பழைய சுவடிகள் உண்டு, போருக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே டொரன்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று அங்கே போய் அவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தது.